ஒற்றைச் சக்கரமும் சாதனைக்கு ருஜுவும்

சூரிய பகவானுடைய தேருக்குச் சக்கரம் ஒன்றே என்று புராணிகர் கூறுவர். ஆயினும் அத்தேருக்கு ஏழு குதிரைகள் உண்டு. ஓட்டுவதற்கு அருணன் என்ற சாரதியும் உண்டு. குதிரையுமின்றிச் சாரதியுமின்றி, தன் இரு கால்களையே குதிரைகளாகக் கொண்டு, ஒற்றைச் சக்கரத்தின் மீதேறி ஒரு பகலும் ஓர் இரவும் ஓயாது ஓட்டிய மானிடன் ஒருவனைப் பற்றியே இன்று நாம் எழுதத் துணிகிறோம்.

2007-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 29, 30 தேதிகளில், பிரிட்டனைச் சேர்ந்த ஸாம் வேக்லிங் என்ற இளைஞர், வேல்ஸ் நாட்டின் கடற்கரைப் பட்டணமாகிய அபெரிஸ்ட்வித்தில் ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஏறினார். 24 மணி நேரம் முடிந்தபோது அவர் கடந்திருந்த தூரம் 453.6 கிலோ மீட்டர். அதாவது 281 மைலுக்குச் சற்று மேல். சென்னையிலிருந்து மதுரைக்குள்ள தூரத்தை நினைத்துக் கொண்டால் அதன் அளவு நமது நேயர்களுக்கு ஒருவாறு விளங்கும். வாகனங்களெல்லாம் இரண்டு, மூன்று, நான்கு சக்கரங்களுடன் உருளும் உலகில் ஒருவர் ஒன்றைக் கொண்டே இத்தனை தூரம் சென்றது ஏன், எவ்வாறு, அதனால் எவருக்கு என்ன லாபம் என்ற மூன்று கேள்விகளும் நியாயமானவையே. அவற்றுள் கடைசிக் கேள்வியையே நாம் முக்கியமாகக் கருதுகிறோம். ஆனால் முதலிரண்டையும் தாண்டாமல் அதனிடம் செல்ல வழியில்லை.

வண்டியின் இயல்பு

ஒற்றைச் சக்கர சைக்கிள் என்றதும் நம்மவர்க்குச் சர்க்கஸ் கொட்டகையும், அங்கே கையில் குடையுடன் வளைய வரும் கோமாளியுமே நினைவுக்கு வருவது இயற்கை. அது வேடிக்கைப் பொருள் என்ற எண்ணம் அங்கேதான் வேரூன்றியது. உண்மையில் அவ்வண்டி துவிசக்கர வண்டியின் நெருங்கிய உறவினமாகும். 1870-ஐ ஒட்டிய வருஷங்களில் ஐரோப்பாவில் வழங்கிய சைக்கிளுக்கு முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் சாணுயரமுமாக இருந்தன. மிதிகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருந்தியிருந்தன. அவ்வகை வண்டியில்தான் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884-ஆம் வருஷம் புறப்பட்டு, லாஹூரிலிருந்து கல்கத்தா வரையில் நமது நாட்டின் ராஜபாட்டையையும் கடந்து, 1886-இல் உலகத்தைச் சுற்றி முடித்தார். அந்த வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டதாகப் பாவித்தால் எஞ்சி நிற்பதே ஒற்றைச் சக்கர சைக்கிள்.

இதில் சங்கிலி இல்லை. கைப்பிடி கொண்டு திருப்பும் வசதியும் இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, மிதிக்காமல் உருண்டு செல்லும் சுகம் இல்லை. சாதாரண சைக்கிளில் இறக்கம் வந்தால் காலை நிறுத்திவிட்டுக் காற்று வாங்கலாம். இங்கோ மிதி அச்சுடன் ஒன்றிக் கிடப்பதால், சக்கரம் சுழலும் வரையில் காலும் சுழன்றே தீரவேண்டும். ஏற்றத்தில் கால் தள்ளவேண்டும். இறக்கத்தில் அதே கால் தடுக்கவேண்டும். முன்னே சாய்ந்தால் விரைந்து மிதித்தும், பின்னே சாய்ந்தால் மிதியைத் தாமதித்தும், பக்கவாட்டில் சாய்ந்தால் உடலைத் திருப்பிச் சக்கரத்தை அப்பக்கம் செலுத்தியும் விழாமல் காத்துக் கொள்ளவேண்டும். உள்ளங்கையில் கோலை நிறுத்தி விளையாடும் சிறுவன், கோல் சாயும் பக்கம் கையை நகர்த்துவதில்லையா? அதே வித்தைதான், இங்கே கோலும் அவனே, கையும் அவனே.

காலுக்கு வரும் கணக்கு

மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றே சுற்றுமாதலால், வேகம் வேண்டுவோர் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு மார்க்கமில்லாதிருந்தது. 24 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் 1.9 மீட்டர் செல்லும். 36 அங்குலச் சக்கரம் 2.87 மீட்டர் செல்லும். அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்துக் கோக்கர் டயர் கம்பெனியார் சென்ற நூற்றாண்டின் இறுதியில் 36 அங்குல வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்த பிறகே, நெடுந்தூர ஓட்டம் பலருக்கும் எட்டும் காரியமாயிற்று.

453.6 கிலோ மீட்டரை இந்தப் பெரிய சக்கரத்தின் அளவால் வகுத்துப் பார்ப்போம். சுமார் 1,58,000 சுற்றுகள் வருகின்றன. உண்பதற்கும் இறங்குவதற்கும் ஆன நேரத்தைக் கழிக்காமலே நிமிஷத்துக்கு 110 சுற்றுகளாகிறது. ஒரு நிமிஷம் இவ்விதம் காலைச் சுழற்றுவது எவருக்கும் இயலும். ஒரு மணி நேரம் சுழற்றுவோர் சிலர். 24 மணி நேரம் சுழற்றுவதென்றால் அது உடலைக் காட்டிலும் உள்ளத்தின் வேலை என்றே சொல்லவேண்டும்.

அன்றியும், உடம்பின் பாரத்தை இருக்கை, மிதி, கைப்பிடி என்ற மூன்று இடங்களில் பங்கிட்டுக் கொள்ளும் சௌகரியம் துவிசக்கர வண்டிக்காரனுக்கு உண்டு. ஒற்றைச் சக்கரத்தில் ஏறக்குறைய முழுப்பாரமும் இருக்கையின் மேலேயே விழுகிறது. சில மணி நேரத்துக்குள் தோல் உராய்ந்து புண்ணாவதும், கால்கள் மரத்துப்போவதும் நெடுந்தூரம் செல்வோர் அனைவரும் அறிந்த துன்பங்கள். இதன் பொருட்டே இருக்கைக்கு முன்னால் ஒரு கம்பியை நீட்டி, அதன்மேல் கைகளை ஊன்றிச் சிறிது பாரத்தைக் குறைத்துக் கொள்கிறார்கள். மிதித்தண்டைக் குட்டையாக்கினால் கால் வேகமாய்ச் சுழலும். ஆனால் ஏற்றத்திலும் எதிர்க்காற்றிலும் வலு போதாது. நீளமாக்கினால் வலு கிடைக்கும், வேகம் போய்விடும். ஆகையால் 24 மணி நேர முயற்சிக்குச் சமதளமும் காற்றடங்கிய இடமும் தேடுவது முதற்காரியமாகிறது.

முன் சென்றோர்

ஸாம் வேக்லிங் சென்ற பாதையில் முன்னரே பலர் சென்றிருக்கின்றனர். அமெரிக்கரான ஸ்டீவ் மக்பீக் 1968-ஆம் வருஷத்தில் 13 அடி உயரமுள்ள ஒற்றைச் சக்கர வண்டியில் சிக்காகோவிலிருந்து லாஸ் வேகாஸ் சென்றார். 1985-ஆம் வருஷம் ஜூன் 30-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள போர்ட் ஹெட்லண்டில் புறப்பட்ட ஹான்ஸ்பீட்டர் பெக், 6,237 கிலோ மீட்டர் கடந்து ஆகஸ்டு 20-ஆம் தேதி மெல்போர்ன் நகரை அடைந்தார். நாளொன்றுக்கு 120 கிலோ மீட்டர் வீதம் அப்பாலைவனக் கண்டத்தைத் தாண்டினார் என்பது கணக்கு. 1987-ஆம் வருஷம் ஆகஸ்டு 9-ஆம் தேதி ஜப்பானியரான தகாயுகி கொய்கே 100 மைல் தூரத்தை 6 மணி 44 நிமிஷம் 21.84 விநாடியில் ஓடி முடித்தார். மணிக்குக் கிட்டத்தட்ட 24 கிலோ மீட்டர் வேகம். பாதிரியாரான லார்ஸ் கிளாஸன் 2002-ஆம் வருஷம் ஏப்ரலிலிருந்து நவம்பருக்குள் அமெரிக்காவை இரண்டு முறை குறுக்கே கடந்து 14,686 கிலோ மீட்டர் சென்றார். எட் பிராட் என்ற ஆங்கில இளைஞர் 2015-இல் வீட்டைவிட்டுக் கிளம்பி, மூட்டை முடிச்சுகளையும் தாமே சுமந்து கொண்டு, 2018-இல் உலகத்தைச் சுற்றி வீடு திரும்பினார்.

24 மணி நேர ஓட்டத்தை மட்டும் எடுத்துக் கொண்டால், 2002-இல் கிளாஸன் சென்றது 202 மைலுக்குச் சற்று மேல். 2005-இல் நியூஸிலாந்துக்காரரான கென் லூயி அதை 235 மைலாக உயர்த்தினார். 2007-இல் வேக்லிங் 281 மைலைத் தாண்டினார். ஐந்தே வருஷங்களில் ஏறத்தாழ 80 மைல் ஏற்றம்! ஒருவன் எல்லையென்று கோடு கிழித்த இடம் அடுத்தவனுக்குப் புறப்படும் இடமாகிவிடுகிறது.

துவிசக்கர வண்டியுடன் ஒப்பிடுவது அவசியமானால் அதையும் செய்வோம். ஆஸ்திரியரான கிறிஸ்டாப் ஸ்ட்ராஸர் 2021-இல் 24 மணி நேரத்தில் 1,026 கிலோ மீட்டர் ஓட்டினார். ஒற்றைச் சக்கரத்தின் கணக்கு அதில் பாதிக்கும் குறைவே. சக்கரம் பாதியானால் தூரமும் பாதியாவது தர்மந்தானே என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் பாதித் தூரத்துக்கு முழு உழைப்பைக் காட்டிலும் அதிகமான உழைப்பைக் கொடுத்தவனே அதன் விலையை அறிவான்.

பற்சக்கர வழக்கு

நிற்க. இவ்விளையாட்டினுள்ளும் ஒரு வியவகாரம் உண்டு. ஸ்விட்ஸர்லாந்து தேசத்து யந்திர நிபுணரான புளோரியன் ஷ்லும்ப், சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே பற்சக்கரங்களை அடக்கி, மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒன்றரைச் சுற்றுச் சுற்றும்படி ஓர் அமைப்பைச் செய்தார். ஓட்டிக்கொண்டே குதிகாலால் ஒரு பொத்தானைத் தட்டினால் வேகம் மாறும். 36 அங்குலச் சக்கரம் இதனால் 54 அங்குலச் சக்கரத்துக்குச் சமானமாகிறது. ஒரு மிதிக்கு 4.3 மீட்டர். வேகம் கூடுகிறது, விழுந்தால் அபாயமும் கூடுகிறது. மெதுவாகச் செல்பவன் வண்டி நழுவினால் நாலடி ஓடித் தப்பலாம். மணிக்கு 30 கிலோ மீட்டர் வேகத்தில் நழுவினவன் கால் தரையில் பாவுமுன் முகம் தரையில் பாவும்.

பற்சக்கரம் பூட்டியவனும் பூட்டாதவனும் ஒரே பந்தயத்தில் நிற்பது நியாயமாகுமா என்பதே வழக்கு. ஆட்சேபிப்போர், இது காலின் வெற்றியன்று, யந்திரத்தின் வெற்றி என்கின்றனர். மறுதரப்பினர், பெரிய சக்கரமும் ஒரு யந்திர உபாயந்தானே, அதை ஒப்புக்கொண்ட பின் இதை மறுப்பானேன் என்கின்றனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. இதற்குச் சரியான தீர்ப்பு, விலக்குவதன்று, வகுப்பதே என்பது நமது அபிப்பிராயம். சர்வதேச ஒற்றைச் சக்கர சைக்கிள் சங்கத்தார் மைதான ஓட்டங்களில் இம்முறையையே கைக்கொள்கின்றனர். 24 அங்குல வகுப்பில் சக்கரத்தின் குறுக்களவு 618 மில்லி மீட்டரைத் தாண்டக் கூடாது, மிதித்தண்டு 125 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதித்திருக்கின்றனர். கட்டுப்பாடற்ற வகுப்பை வேறாக வைத்திருக்கின்றனர். எந்தச் சாதனத்தைக் கொண்டு செய்தோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டால், சாதனத்தின் மேல் குற்றமில்லை. மறைப்பதில்தான் குற்றம்.

சாட்சியின் ஸ்தானம்

இனி, நாம் முக்கியமென்று கருதும் விஷயத்துக்கு வருவோம். ஒருவன் 281 மைல் ஓட்டினான் என்பதை மற்றவர் எப்படி நம்புவது?

1951-ஆம் வருஷம் அயர்லாந்தில் வெக்ஸ்போர்டு ஜில்லாவில் பறவை வேட்டைக்குச் சென்ற ஸர் ஹியூ பீவர் என்ற கனவானுக்கும் அவருடைய நண்பர்களுக்கும், ஐரோப்பாவின் வேட்டைப் பறவைகளுள் அதிவேகமானது எது என்று ஒரு தர்க்கம் மூண்டது. அதைத் தீர்க்க ஒரு புஸ்தகமும் அகப்படவில்லை. அவர் கின்னஸ் மதுபானக் கம்பெனியின் நிர்வாக டைரக்டர். அந்தத் தர்க்கத்தின் பயனாக, மக்விர்ட்டர் என்ற இரட்டைச் சகோதரர் தொகுத்த சாதனைப் புஸ்தகத்தை அக்கம்பெனியார் 1955-இல் வெளியிட்டனர். வாய்ச் சண்டையை ஏட்டுச் சான்றால் முடிப்பது என்ற ஒரே நோக்கத்துடன் பிறந்த நூல் அது. ஆகவே அதில் இடம்பெற விரும்புவோர், நியாயஸ்தலத்தில் வாதி நிற்கும் நிலையிலேயே நிற்கவேண்டியவராகிறார். யார் ஒன்றைக் கோருகிறாரோ அவர் மேலேயே ருஜுப் பொறுப்பு.

ஓடும் பாதை முன்கூட்டியே அளக்கப்பட்டிருக்கவேண்டும். ஓட்டுபவனுக்கு உறவோ ஊதியமோ இல்லாத சாட்சிகள் இருத்தல் வேண்டும். இரவெல்லாம் கண் விழிக்கும் சாட்சிக்கும் அயர்ச்சி உண்டாதலால், அவர்கள் முறை வைத்து மாறவேண்டும். ஒவ்வொரு சுற்றும் முடிந்த நேரம் குறிப்பேட்டில் அப்போதைக்கப்போது பதியவேண்டும். பிறகு உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதிய ஏட்டுக்கு நியாயஸ்தலத்தில் என்ன மதிப்போ, இங்கும் அதே மதிப்புத்தான். வண்டியிலிருந்து இறங்கியது எப்போது, ஏறியது எப்போது என்பதும் குறிக்கப்படவேண்டும். கடிகாரம் மட்டும் எவர் பொருட்டும் நிற்பதில்லை. 400 மீட்டர் வட்டத்தில் ஓடுவதாக வைத்துக் கொண்டால், 453.6 கிலோ மீட்டர் என்பது 1,134 சுற்றுகள். அவற்றுள் ஒன்றைச் சாட்சி தவறவிட்டாலும் ஓட்டியவனுக்கு நஷ்டம். ஒன்றைக் கூட்டி எழுதினால் சத்தியத்துக்கு நஷ்டம்.

நள்ளிரவு கழிந்து மூன்று மணிக்குப் பனியில் நாற்காலியில் உட்கார்ந்து, கூட்டமும் கைதட்டலும் இல்லாத வேளையில், 'இது 800-ஆவது சுற்று' என்று எழுதும் ஒரு மனிதனை நேயர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். அவனுக்குப் பதக்கம் இல்லை. அவன் பெயர் புஸ்தகத்தில் ஏறுவதில்லை. ஆயினும் அவன் கண்ணயர்ந்தால், ஓட்டியவன் பட்ட பாடெல்லாம் வெறும் கதையாகிவிடும். சாதனையில் சரிபாதி சாட்சிக்குரியது என்று நாம் சொல்வது உபசார வார்த்தையன்று.

பயன் யாது?

இவ்வளவும் சரியே, இதனால் ஒரு படி நெல் விளையுமா, ஓர் ஏழையின் கடன் தீருமா என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். தீராது. எட் பிராட் தம் பிரயாணத்தைக் காரணமாகக் கொண்டு ஏழைக் குழந்தைகளின் படிப்புக்கு நிதி திரட்டினார் என்பது உண்மையே. ஆனால் அந்த ஒரு நியாயத்தின் மேல் நமது வாதத்தை நிறுத்த நாம் விரும்பவில்லை. தர்மத்துக்குப் பணம் சேர்க்க ஒற்றைச் சக்கரந்தான் வேண்டுமென்பதில்லை.

நாம் காணும் பயன் வேறு. மனிதன் தன் சக்தியைப் பற்றி இரண்டு விதத்தில் ஏமாறுகிறான். முயலாமலே தன்னால் ஆகாதென்று நம்புவது ஒன்று. அளக்காமலே எல்லாம் செய்துவிட்டதாக நம்புவது மற்றொன்று. முதலாவது சோம்பலுக்கும், இரண்டாவது டம்பத்துக்கும் தாய். அளந்த பாதையில், கடிகாரத்தின் எதிரில், அந்நியர் கண் முன்பாகச் செய்யும் முயற்சி இவ்விரண்டு மயக்கங்களையும் ஒருங்கே போக்குகிறது. முடிவில் அவன் கையில் இருப்பது ஓர் எண். அது பெருமை பேசுவதுமில்லை, பணிவு காட்டுவதுமில்லை.

பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்களுக்கு இதில் ஒரு படிப்பினை இல்லாமலில்லை. மேடையேறி, நான் இத்தனை கிராமம் நடந்தேன், இத்தனை அங்கத்தினரைச் சேர்த்தேன், இத்தனை ரூபாய் செலவிட்டேன் என்று சொல்லுவது எளிது. நடந்ததை யார் அளந்தார், சேர்த்ததை யார் எண்ணினார், செலவிட்டதற்குக் கணக்கு எங்கே என்று கேட்டால் கோபம் வருகிறது. விளையாட்டுக்காக ஒற்றைச் சக்கரம் ஏறுகிறவன் அளவுகோலையும் சாட்சியையும் குறிப்பேட்டையும் தானே தேடி அழைத்து வைத்துக் கொள்கிறான். தேசத்தின் பணத்தையும் நம்பிக்கையையும் கையாளுகிறவன் அவற்றைக் கண்டு ஒதுங்கலாமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். புஸ்தகத்தில் ஏறாத முயற்சிகள் ஏறியவற்றைக் காட்டிலும் மிகப் பல. பதினெட்டாவது மணியில் முழங்கால் வீங்கி இறங்கினவனும், எதிர்க்காற்றால் ஐந்து மைல் குறைந்து போனவனும் தங்கள் ஏட்டை உள்ளபடி எழுதி மூடினார்களாயின், அவர்கள் தோற்றவர்களல்லர். அடுத்து முயல்கிறவனுக்கு அந்த ஏடே வழித்துணை. பொய்யாக வென்றவனுடைய ஏட்டை நம்பிப் புறப்படுகிறவன்தான் நடுவழியில் கெடுவான்.

நம் இளைஞருள் எவரேனும் இவ்வித முயற்சியில் இறங்குவதானால் நாம் தடுக்கமாட்டோம். மூன்று நிபந்தனைகளை மட்டும் கூறுவோம். பிறர் வண்டி செல்லும் சாலையில் வேகச் சாதனைக்கு முயல வேண்டாம். தன் உயிரைப் பணயம் வைக்கத் தனக்குரிமை உண்டென்று ஒருவன் சொன்னாலும், எதிரே வருகிறவனுடைய உயிரைப் பணயம் வைக்க உரிமையில்லை. அடைத்த மைதானத்தில், தலைக்கவசத்துடன், வைத்தியர் அருகிருக்க முயல்க. இரண்டாவது, மாதக் கணக்கில் பழகாமல் ஒரு நாள் முழுவதும் ஓட்டத் துணிய வேண்டாம். பத்து மைலில் தொடங்கிப் படிப்படியாக ஏறுக. மூன்றாவது, கைதட்டும் நண்பர்களைத் திரட்டுவதற்கு முன்னால், உண்மையை எழுதும் இரண்டு அந்நியரைத் தேடிக்கொள்க.

முதலிரண்டும் உடம்பைக் காக்கும். மூன்றாவது பெயரைக் காக்கும். உடம்பு போனாலும் பெயர் நிற்குமென்பது நம் முன்னோர் கொள்கையாதலின், மூன்றாவதில் அதிக ஜாக்கிரதையாயிருக்க வேண்டுமென்பதே நமது வேண்டுகோள்.